வெள்ளை வளையம்



போன மாதம் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு வாசகி அஞ்சலட்டையில் நான்கே வரி எழுதியிருந்தார். 'எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. உப்பு என்கிறார் மாமியார். சுண்ணாம்பு என்கிறார் பிளம்பர். யார் சொல்வது சரி?'

கேள்வி பதில் பகுதிக்கு அனுப்பியிருக்க வேண்டிய கடிதம். என் மேசையிலேயே தங்கிவிட்டது. காரணம், அன்று காலைதான் நானும் எங்கள் வீட்டு கெட்டிலின் அடியைக் கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் வாடகைக்கு இருந்து பார்த்தவன் நான். மூன்று ஊரிலும் இந்த வெள்ளை கூடவே வந்தது. பக்கெட்டின் உள்பக்கம் வளையமாக, குழாயின் மூக்கில் கொப்புளமாக, கீசரின் கம்பியில் ஓடாக.

வாசகிக்கு முதலில் பதில். கொஞ்சம் சுரண்டியெடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் பிளம்பர் ஜெயித்தார். எங்கள் வீட்டில் நுரைத்தது. ஆனாலும் மாமியாரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடினநீருக்கு நம் ஊரில் 'உப்புத் தண்ணி' என்றுதான் பெயர். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீரை வேறு எப்படிச் சொல்வது? இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு போர் தண்ணீரின் எண் என்ன என்று அறிய ஒரு சோதனைக்கூடம் போதும். கெட்டிலைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

அந்தச் சொட்டு நுரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்தான் இந்த மாதப் பக்கம் வந்தது. 'இதையும் பத்திரிகையில எழுதப் போறீங்களா?' என்று வீட்டில் கேட்டார்கள். எழுதிவிட்டேன்.

மழைத்துளி மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மட்கும் இலைகளும் வெளிவிட்ட கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் லேசாகப் புளிக்கிறது. புளித்த தண்ணீர் போகிற வழியில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துச் சுமந்துகொண்டு போகிறது. கரியமில வாயு உள்ளே இருக்கும்வரை சுண்ணாம்பும் கரைந்தே இருக்கும். கோலி சோடாவைத் திறந்ததும் குபுகுபுவென்று வாயு வெளியேறுகிறதல்லவா, அதுபோல அந்தத் தண்ணீர் வெளிக்காற்றைப் பார்த்ததும், அல்லது அடுப்பில் ஏறியதும், வாயுவை விட்டுவிடுகிறது. பிடிமானம் போன சுண்ணாம்பு கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கெட்டில் அடியில் நடப்பது இவ்வளவுதான்.

வாயுவைத் தண்ணீரிலிருந்து பிடுங்க இன்னொரு வழியும் உண்டு. பாசி அதைத் தின்றுவிடலாம்.

இங்கேதான் கதை சமையலறையை விட்டு வெளியே போகிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள மலைகளில் ஊற்று பீறிடும் இடத்தில், நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகக் கல்லின்மேல் ஒட்டியிருக்கும். வெயிலில் அவை கரியமில வாயுவை இழுத்து உணவு சமைக்கும்போது, அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீர் சுண்ணாம்பைத் தாங்க முடியாமல் கீழே விடுகிறது. பாசியின் கோழை அந்தப் பொடிப் படிகங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு மூடினால் வெளிச்சம் போய்விடும். அதனால் பாசி மேலே ஊர்ந்து வந்து புதுப் படலம் விரிக்கிறது. அதன்மேல் மறுபடி சுண்ணாம்பு. இப்படி வழுக்கலும் கல்லுமாக வளர்ந்து நிற்பதை டூஃபா என்கிறார்கள். டேராடூன் பக்கம் சகஸ்ரதாராவுக்குப் போய்வந்தவர்கள், பாறை விளிம்பிலிருந்து ஆயிரம் சொட்டாக நீர் சிந்தும் இடத்தில் பாசியும் பாறையும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டூஃபா. குரோவேஷியாவின் பிலிட்விட்சே ஏரிகளில் இதே பொருள் ஆற்றின் குறுக்கே தானாக அணை கட்டிக்கொண்டு, ஏரிக்குக் கீழே ஏரி என்று படிப்படியாக இறங்குகிறது. பொதுப்பணித்துறை இல்லாத ஊர்.

எனக்கு இதைப் புரியவைத்தது பாட்டி வீட்டுச் சுவர். பூந்தமல்லிக்கு மேற்கே இருந்த அந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பார்கள், கொஞ்சம் நீலம் கலந்து. வீட்டை இடிக்கும்போது ஒரு காரைத் துண்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். வெங்காயம்போல ஏடு ஏடாக இருந்தது. பதினேழு வரை எண்ணினேன். ஓர் ஏடு காவி. சித்தப்பா கல்யாணத்துக்கு அடித்தது என்று அம்மா சொன்னார். ஓர் இடத்தில் இரண்டு ஏடுகளுக்கு நடுவே கருப்பாக, புகையும் தூசியுமாக, தடித்த கோடு. அது தாத்தா இறந்த வருடம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை. சுண்ணாம்பும் இல்லை. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். சுவர் எழுதிவைத்திருந்தது.

டூஃபாவையும் ஏரிச் சுண்ணாம்பையும் படிக்கிறவர்கள் செய்வது ஏறக்குறைய இந்த வேலைதான். வாளால் அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து, ஏடுகளை எண்ணுகிறார்கள். நீர் நின்றுபோன வருடங்களில் ஏடு இருக்காது. இடைவெளியும் ஒரு தகவல். அதோடு நிற்காமல் ஒவ்வோர் ஏட்டிலும் உள்ள ஆக்சிஜனை நிறுக்கிறார்கள். ஆக்சிஜனில் கனத்தது ஒன்று, இலேசானது ஒன்று என்று இரண்டு வகை எப்போதும் கலந்தே இருக்கும். சுண்ணாம்பில் இவற்றின் விகிதத்தை வைத்து அது உருவான தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லலாம் என்று ஹெரால்ட் யூரி 1947இல் எழுதினார். மழைக்கும் அது பொருந்தும். வெப்ப நாடுகளில் மழை அடித்து ஊற்றினால் அந்தத் தண்ணீரில் இலேசான ஆக்சிஜன் கூடுகிறது. ஏரி வெயிலில் வற்றினால் இலேசானது முதலில் ஆவியாகிப் போய், கனத்தது தங்கிவிடுகிறது. ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கிறதல்லவா, அந்த மாதிரி. அந்தச் சுண்டிய தண்ணீரில் உண்டான ஒவ்வொரு சுண்ணாம்புத் துணுக்கும் சுவையைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வயது. கரிமக் கணிப்பு இங்கே ஏமாற்றும். ஊற்றுநீர் கரைத்துக்கொண்டு வந்தது பல லட்சம் வருடப் பழைய சுண்ணாம்பு. அதிலுள்ள கரிமம் எப்போதோ செத்துப்போனது. அதில் பிறந்த இன்றைய டூஃபா, பிறக்கும்போதே ஆயிரக்கணக்கான வயதைக் காட்டும், கிழவனின் ஜாதகத்தைக் கையில் வைத்திருக்கும் குழந்தை மாதிரி. அதனால் யுரேனியத்தைத் தேடிப் போகிறார்கள். யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் ஏறக்குறையக் கரையாது. புதிய படிகத்தில் முன்னது மட்டும் இருக்கும். காலம் போகப் போக அது சிதைந்து பின்னது உண்டாகும். இரண்டையும் அளந்தால் வயது. சேறு கலந்துவிட்டால் அதுவும் குழம்பும். குழம்பாத துண்டைத் தேடி மலை ஏறுவதிலேயே பாதி ஆராய்ச்சி போய்விடுகிறது போலும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஆவடியில் டூஃபா உண்டா என்று கேட்டால், இல்லை. இங்கே சுண்ணாம்பு மலை கிடையாது. அடியில் இருப்பது பல்லாவரத்துப் பக்கம் தலைகாட்டும் சார்னோக்கைட் போன்ற கடும்பாறை. மேலே களிமண், மணல், வண்டல். ஆனால் சுண்ணாம்பு நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது, வேறு வேடங்களில்.

உங்கள் சமையலறை அலமாரியில் கடப்பா கல் பலகை இருந்தால், அது பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. அதே கடப்பா மாவட்டத்தில் வேம்பள்ளிப் பாறைகளுக்குள் இன்னும் பழைய சங்கதி இருக்கிறது. முட்டைக்கோஸை நறுக்கினாற்போல் வளைவு வளைவான ஏடுகள். நுண்ணுயிர்ப் பாய்கள் 180 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியவை. இவற்றுக்கு ஸ்ட்ரோமட்டோலைட் என்று 1908இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி. அவர் கையில் இருந்தவை ஒரு பழங்கால ஏரியின் கற்கள். ராஜஸ்தானில் சித்தோர்கர் அருகே போஜுண்டாவில் இந்தக் கற்களை வேலி போட்டுத் தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கிறார்கள். நாம் கடப்பாவுக்குத் திருப்பதி வழியாகப் போய், ஊறுகாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

அரியலூர் சிமெண்டும் அப்படித்தான். அங்கே நின்னியூர்ப் பகுதிச் சுண்ணாம்பில் புதையுண்ட பாசிகளைப் பற்றி எல். ராமா ராவும் ஜூலியஸ் பியாவும் 1936இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். கடல்பாசிதான், ஆற்றுப் பாசி இல்லை. இருந்தாலும், மொட்டைமாடித் தொட்டியின் பாசியைப் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது, அந்தத் தொட்டியைக் கட்டிய சிமெண்டில் பாசிக்கும் பங்கு உண்டு என்று நினைத்தால் கை கொஞ்சம் தயங்கும். எனக்குத் தயங்கியது. பிறகு தேய்த்தேன்.

ஆற்றோரம், ஏரியோரம் என்று பார்த்தால் நமக்குக் கிடைப்பது சுக்கான்கல். அஸ்திவாரம் தோண்டும்போதும் கிணறு வெட்டும்போதும் களிமண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக இஞ்சித் துண்டு மாதிரி உருண்டைகள் வருமே, அது. வேலையாட்களுக்குக் கடப்பாரை மழுங்கும் தொல்லை. மண்ணுக்குள் இறங்கிய சுண்ணாம்பு நீர், வேரும் வெயிலும் நீரை உறிஞ்சிக்கொண்டபின் அங்கேயே கட்டிப்பட்டுப்போனது. வேரோடு ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுக்கும் பூஞ்சைகளுக்கும் இதில் கை உண்டு. மழை அதிகமானால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போய்விடும். மழையே இல்லாவிட்டால் கரையவே கரையாது. இரண்டுக்கும் நடுவே, அரைகுறை மழையும் நீண்ட கோடையும் உள்ள காலத்தில்தான் சுக்கான் விளையும். கோவைப் பகுதிச் சுக்கானை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்யுதன் முதலானோர் இந்தக் கண்ணோடு ஆராய்ந்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையே இல்லாத தென்னிந்தியக் கடும்பாறை நிலத்தில் இவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று நிகோலா துராண் குழு 2006இல் ஆராய்ந்து எழுதியது. சூளைக்குப் போகும் கல்லுக்குள் வறட்சியின் வரலாறு.

இந்தியாவில் ஏரிச் சுண்ணாம்பைப் படித்துக் கிடைத்த கதைகளில் எனக்குப் பிடித்தது ஒரு நத்தையுடையது. ஹரியானாவில் கோட்லா தஹர் என்ற பழைய ஏரிப்படுகை. அதன் சேற்றுக்குள் நுண்ணிய கூம்பு வடிவ நத்தை ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. யாமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி மூவரும் அந்த ஓடுகளின் ஆக்சிஜனை நிறுத்து 2014இல் சொன்னது: சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் கோடை மழை திடீரென்று மெலிந்தது. சிந்துவெளி நகரங்கள் கலையத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். அதே வகை நத்தை நம் ஊர்க் குளங்களிலும் மேய்கிறது. படித்துறையில் காலில் குத்தும் கூரான குட்டி நத்தை.

மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியும் இதே சேதியைச் சொல்கிறது. விண்கல் விழுந்த பள்ளம் அது. 2020 ஜூனில் ஏரி இளஞ்சிவப்பானபோது எல்லாரும் படம் பார்த்திருப்பீர்கள். ஏரி மிகவும் வற்றி உப்பேறினால்தான் கேலுசைட் என்ற சோடியமும் சுண்ணாம்பும் கலந்த படிகம் அதன் அடியில் விளையும். சேற்றுக்குள் அந்தப் படிகம் இரண்டு இடங்களில் கொத்தாக வந்தது. 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்று, 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொன்று என்று சுஷ்மா பிரசாத் குழு 2014இல் எழுதியது. மேகாலயத்தின் மாவ்ம்லூ குகையில் சொட்டிச் சொட்டி வளர்ந்த ஒரு கல்லிலும் 4,200 ஆண்டுக்கு முந்தைய வறட்சி பதிந்திருக்கிறது. நாம் வாழும் இந்த நிலவியல் காலத்துக்கே 2018இல் 'மேகாலயன்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஒரு குகைக் கல்லுக்கு இவ்வளவு மரியாதை.

இவை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் கணக்குகள். நம் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்கு நன்றாகப் பெய்து தென்மேற்கு பொய்க்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். ஹரியானா நத்தை செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சாட்சி சொல்ல முடியாது. இரண்டு பருவமும் நனைக்கும் நீலகிரியில் சதுப்புக் கரிமண்ணைப் படித்து சுகுமார், ரமேஷ் முதலானோர் 1993இல் எழுதிய கட்டுரை பெரிய திறப்பு. பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உதகைப் பக்கமே வறண்டு கிடந்தது என்று அந்த மண்ணில் மட்கிய புற்கள் சொன்னன. ஆனால் அது மலை. சமவெளியின் கணக்கைச் சமவெளியில்தான் தேட வேண்டும்.

அந்தச் சமவெளி எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் தாண்டி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் முதலில் பல்லாவரத்திலும், அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அங்கே பல ஆண்டு தோண்டி, அடியிலுள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் அறிவித்தது. கருவிகள் கிடந்தது வெள்ளம் கரை மீறிப் பரப்பிய களிமண்ணில். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் விட்டுப்போயிருக்கிறது. கூடவே விலங்குப் பற்கள், குளம்புத் தடங்கள். பிற்கால அடுக்கு ஒன்று 3,85,000 ஆண்டு பழையது என்று 2018இல் சொன்னார்கள். கேசாவரம் அணைக்கட்டில் அதே கொசஸ்தலையிலிருந்து பிரியும் நீர்தான் கூவமாகி, பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியே நம் மூக்கைப் பிடிக்கவைத்துப் போகிறது. அந்தக் கூவத்தின் தாய் வீட்டுக்கு வயது பதினைந்து லட்சம்.

நம் ஏரிகளின் சேற்றில் அப்படி ஒரு கணக்கு இருக்குமா? நத்தை இருக்கிறது, பாசி இருக்கிறது. மத்தியானத்தில் பச்சையாகக் கொதிக்கும் ஏரியில் பாசி கரியமில வாயுவை இழுத்து நீரைக் காரமாக்குவதும் நடக்கிறது. ஆனால் ஏரி, மனிதர் கட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தூர் வாரி, வண்டலை வயலுக்கு அடித்தார்கள். கோடையில் வெடித்த சேற்றில் மாடு மிதித்தது. ஏடுகள் கலைந்திருக்கும். பக்கம் கிழிந்த புத்தகம்தான். தூர் வாருவதற்கு நான் எதிரி இல்லை. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவன் அப்படி இருக்க முடியாது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. பொக்லைன் இறங்குவதற்கு முன் ஒரு நாள், ஒரு பிளாஸ்டிக் குழாயை ஏரியின் நடுவில் இறக்கி இரண்டு மீட்டர் சேற்றை அலுங்காமல் எடுத்துவைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பக்கத்திலுள்ள கல்லூரிகளின் நிலவியல் மாணவர்களுக்கு ஒரு பருவத் தேர்வுத் திட்டம் ஆயிற்று. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைத் தினமும் கேட்டுக்கொள்கிறோம், தை பிறந்ததும் மறந்துவிடுகிறோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு எல்லாவற்றிலும் மதகுக் கல்லிலும் கலங்கல் சுவரிலும் வெள்ளையாக நீர்க்கோடுகள் படிந்திருக்கின்றன, நம் பக்கெட்டில் படிந்த அதே மாதிரி. போன ஞாயிறு ஓர் ஏரியின் மதகில் ஐந்து கோடு எண்ணினேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மேலேயிருந்த கோட்டைக் கைத்தடியால் தொட்டு, 'இது 2015, சார். இதுக்கு மேல ஒரு முழம் வந்துச்சு, எங்க வீட்டு ஆட்டுக்கல்லு மொதந்துச்சு' என்றார். ஆட்டுக்கல் மிதக்காது. முழம் உண்மையாக இருக்கலாம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத் தண்ணீர் நின்ற சுவர், வற்றிய வருடம் தலைகாட்டிய பழைய படி, கிணற்றின் உறையில் வெள்ளை வளையம். எந்த இடம், எந்த வருடம், தரையிலிருந்து எத்தனை அடி என்று மூன்று தகவலையும் எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலையோ செங்கல்லையோ வைத்து எடுங்கள். வெறும் சுவரின் படத்தில் உயரம் தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னது என்றால் அப்படியே குறிப்பிடுங்கள், நாங்கள் தனிப் பட்டியலில் போடுவோம். மார்கழி இதழில் ஏரி ஏரியாகப் பிரித்து வெளியிட எண்ணம். சுவருக்குப் பொங்கல் வெள்ளை அடிப்பதற்குள் அளந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்